மூடாத உதடுகள்

அக்கா செபிக்கிறாள் என்று முதலில் சொன்னது அம்மாதான். அதுவரை எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்ததற்கு ஒரேயொரு சொல்தான் இருந்தது. அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தோம். எங்கள் தெரு ஒழுங்கையில் மற்றவர்கள் அவ்வளவு கட்டுப்பாடாக இருக்கவில்லை. "ரீச்சருக்கு விசராம், பைத்தியமாம்" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா கணித ரீச்சர். தீவுப்பக்கம், நாரந்தனையில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில்தான் பள்ளிக்கூடம். நான் எதற்கும் துள்ளுகிறவள். கம்பஸில் புள்ளிவிபரவியல் படித்துக்கொண்டே கீபோட் பழகினேன். அது அலுக்க முதல் மாதா கோயில் பாடகர் குழுவைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் தேனீ வளர்க்கலாமென்று பெட்டி தேடி அலைந்தேன். "உனக்கு எல்லாத்திலயும் தொடக்கம்தான்டி" என்று அக்கா சிரிப்பாள். அவள் அப்படியில்லை. ஒரு கணக்கைத் தொட்டால் முடித்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பாள்.

தலையிடியோடுதான் தொடங்கியது. கொஞ்சம் காய்ச்சல், மூக்கொழுகும் தடிமன். அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தா. காய்ச்சல் போனது, நித்திரையும் அதோடு சேர்ந்து போய்விட்டது. அக்கா பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளை மேசையில் கவிழ்த்துவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"இந்த மூண்டு என்னைப் பாக்குது."

"எந்த மூண்டு?"

"கணக்கில இருக்கிற மூண்டு. சிரிக்காதை. நீயும் அவையளோட சேந்துட்டாய் என்ன?"

நான் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டுதான் நின்றேன். அடுத்தடுத்த நாட்களில் யோசிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. கிணற்றுத் தண்ணீரை அப்பா மாற்றிவிட்டார் என்று அவள் குடிக்க மறுத்தாள். ஞாயிறு பூசையில், எல்லோரும் முழந்தாளில் நின்ற நேரத்தில், கோயில் அதிரச் சிரித்தாள். கூட்டிக்கொண்டு வெளியே வந்த அம்மாவின் கையைக் கடித்தாள். என் அக்கா, கூட்டத்தில் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்கிறவள்.

விளக்கங்கள் வந்து குவிந்தன. கலியாணம் பேசிவந்த கனடாக்காரன் வேண்டாமென்று சொல்லிவிட்டதால் மனம் உடைந்துவிட்டாள் என்றார்கள். வேண்டாமென்றவள் அக்கா, அவனில்லை. ஆனால் அந்தக் கதையில் யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. பக்கத்து வீட்டு அன்ரி அம்மாவை வேலியடியில் வைத்துச் சொன்னா: "பிள்ளையைச் சாட்டிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கடல்காத்துப் பட விடுங்கோ. எல்லாம் சரியாகும்."

அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இடத்திலிருந்து கத்தினார். "கடல்காத்தோ? நாங்கள் என்ன கண்டி மலையிலயோ இருக்கிறம்?"

அதுதான் அந்த நாட்களில் நாங்கள் சிரித்த ஒரே சிரிப்பு.

பிறகு ஒரு காலையில் கத்தல் நின்றது. அக்கா கட்டிலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். கண் எங்களைப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. ஆனால் உதடுகள் அசைந்தன, சத்தமில்லாமல், விடாமல். வலது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றை ஒன்று உருட்டிக்கொண்டே இருந்தன. அம்மா வாசலில் நின்று கனநேரம் பார்த்தா. பிறகு தன் கழுத்திலிருந்த செபமாலையைக் கழற்றி அந்த விரல்களுக்கு நடுவில் வைத்தா. மணிகள் நகர்ந்தன.

"மாதாவே! பிள்ளை செபமாலை சொல்லுறாள்!"

எங்கள் வட்டாரத்தில் செபமாலை தெரியாத பெண்பிள்ளை இல்லை. பின்னேரமானால் வீட்டுக்கு வீடு அந்த முணுமுணுப்புத்தான் கேட்கும். கடலுக்குப் போனவர்கள் வரப் பிந்தினால் உதடுகள் மட்டும் அசைய, சமைத்துக்கொண்டே பெண்கள் அதைச் சொல்வார்கள். ஆகவே உதடும் விரலும் அப்படி அசைவதைப் பார்த்தால் எங்களில் ஒருவருக்கும் வேறு எண்ணமே வராது. எனக்கும் வரவில்லை. அன்று பின்னேரம் வீடு நிறையப் பெண்கள் வந்து அக்காவின் கட்டிலைச் சுற்றி முழந்தாளிட்டார்கள். விசர் என்று சொன்ன அதே வாய்கள் இப்போது "மாதா கைவிடமாட்டா" என்றன. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார். அம்மாவின் முகத்தில் ஒரு கிழமைக்குப் பிறகு உயிர்க்களை வந்தது.

ஆனால் அக்கா சாப்பிடவில்லை. வாயில் வைத்த சோறு வாயிலேயே இருந்தது. கையைத் தூக்கிவிட்டால் தூக்கிய இடத்திலேயே நின்றது. ஓட்டோ பிடித்து, கடலுக்கு நடுவால் போகிற அந்த நீண்ட வீதியால், பட்டினத்துக்குக் கொண்டுபோனோம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. அங்கே எல்லோரும் தங்களால் ஆனதைச் செய்தார்கள்.

தலையை ஸ்கான் பண்ணினார்கள். "தலையில ஒண்டுமில்லை" என்றார்கள். தலையில் ஒன்றுமில்லையென்றால் மனநல வாட். அதுதான் வழி. அங்கே இருந்த பெண் டொக்டர் நல்லவர், களைத்தவர். என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா மற்ற எல்லாவற்றையும் வெட்கத்தோடு சொல்லி, கடைசியில் ஒன்றை மட்டும் நிமிர்ந்து சொன்னா.

"சாப்பிடாட்டியும் செபிக்கிறாள் டொக்டர். ஓய்வில்லாமச் செபிக்கிறாள்."

டொக்டர் குறித்துக்கொண்டார். பிறகு அக்காவின் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டார். "மாதா உம்மோட கதைக்கிறவவோ? ஏதாவது குரல் கேக்குதோ?" அக்காவின் உதடுகள் மட்டும் அசைந்தன. டொக்டர் இன்னும் கொஞ்சம் குறித்துக்கொண்டார்.

ஊசியும் குளிசையும் தொடங்கின. அசைவு கூடியது. நாக்கு வெளியே வந்து வந்து போனது, தாடை பக்கவாட்டில் இழுபட்டது. டொக்டர் பார்த்துவிட்டு, இது மருந்தின் பக்கவிளைவு, இந்த மருந்துக்குச் சிலருக்கு இப்படி வாய் அசையும், மாற்றித் தருகிறேன் என்றார். மாற்றினார். நிற்கவில்லை. டொக்டருக்கு அது மருந்து, அம்மாவுக்கு அது செபம். இரண்டு பேரும் ஒரே வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் என்ன செய்தேன்? போனைத் தூக்கிக்கொண்டு தேடினேன். உலகத்தில் உள்ள எல்லா நோய் வருத்தமும் அக்காவுக்குப் பொருந்தியது. காலையில் பஸ் ஏறும்போது ஒரு வருத்தம், வாட்டுக்குள் நுழையும்போது வேறொன்று. எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் டொக்டரிடம் ஒப்புவித்தேன். முதல் நாட்களில் பொறுமையாகக் கேட்டவர், பிறகு என்னைக் கண்டதும் பேனையை மூடத் தொடங்கினார்.

"இண்டைக்கு என்ன வருத்தம் கொண்டுவந்தனீர்?"

"டொக்டர், ஈரல்ல செப்பு சேந்தால்..."

"நீர் என்ன படிக்கிறீர்?"

"ஸ்ரற்ரிஸ்ரிக்ஸ்."

"அப்ப உமக்குத் தெரியவேணும், அரிதான வருத்தம் எண்டால் அரிதா வாறது."

சரியான பதில். எனக்கே பிடித்திருந்தது. வெளியே வந்து, மருந்து எடுக்கும் வரிசைக்குப் பக்கத்தில், சுவரோடு சாய்ந்து நின்று அழுதேன். அவர் இனிமேல் நான் சொல்வதைக் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப் போய்க்கொண்டிருந்தாள். காய்ச்சல் காரணமில்லாமல் வந்தது. நாடி ஓடியது, பிறகு மெதுவாகியது. எலும்பு தெரிந்தது. செத்துவிடுவாள் என்று எனக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதை யாரிடம் சொல்வது? அம்மாவோ பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் அக்காவின் செபத்தைக் காட்டிக்கொண்டிருந்தா.

ஒரு பின்னேரம் அம்மா முகம் கழுவப் போகும்போது என்னிடம் சொன்னா. "சும்மா போனைக் கிண்டிக்கொண்டிராமல் கொக்காவோட சேந்து சொல்லு. தனியச் சொல்லுறாள் பாவம்."

சொன்னேன். அவளுடைய உதடுகளைப் பார்த்து, அவளோடு சேர்ந்து சொல்ல முயன்றேன். பாடகர் குழு நடத்துகிறவளுக்கு அது பழக்கம். ஒரு வாயைப் பார்த்தால் அது எந்த வரியில் நிற்கிறது என்று சத்தமில்லாமலே சொல்வேன். பின்வரிசையில் பாடாமல் வாயை மட்டும் ஆட்டுகிற பிள்ளைகளைப் பிடிப்பதே அப்படித்தான். ஆனால் அக்காவைப் பிடிக்க முடியவில்லை. வேகமாகச் சொன்னேன். மெதுவாகச் சொன்னேன். நடுவிலிருந்து தொடங்கினேன். எங்கேயும் பொருந்தவில்லை.

அப்போதுதான் கண்டேன். செபமாலையில் திரும்பத் திரும்ப வருகிற "மரியே" என்பதைச் சொல்ல உதடுகள் ஒன்றையொன்று தொடவேண்டும். "ம" என்று சொல்லும்போது வாயைத் திறந்துவைத்திருக்க ஒருவராலும் ஏலாது. அந்தச் செபத்தில் அது எத்தனை இடத்தில் வருகிறது! அக்காவின் உதடுகள் சுருங்கின, விரிந்தன, கோணின. மூடவில்லை. நான் செபமாலையில் பத்து மணிகள் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை ஒருமுறைகூட மூடவில்லை. மூச்சுக்காக நிற்கவுமில்லை.

அந்த வாயில் சொல்லே இல்லை.

அம்மா துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தா. நான் எதையும் அடக்கி வைக்கத் தெரியாதவள்.

"அம்மா, இவள் செபிக்கேல்லை."

"என்ன?"

"உதடு ஒட்டுதில்லை. பாருங்கோ. சொல்லுறதெண்டால் ஒட்டவேணும். இது தன்பாட்டில ஆடுது. இது வருத்தம் அம்மா. வீட்டில இருக்கேக்கையே வந்தது. மருந்தால வந்தது எண்டு டொக்டர் நினைக்கிறா, நீங்கள் செபம் எண்டு சொன்னதால..."

அம்மா என் கன்னத்தில் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "எழும்பிப் போ. பஸ்ஸுக்கு நேரமாகுது" என்றா, வேறு யாரோவுடைய பிள்ளைக்குச் சொல்வதுபோல.

பொழுதுபடுகிற நேரத்தில் ஊருக்கு வந்து சேர்ந்தேன். அப்பா வள்ளத்தடியில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். மணலில் விரலால் ஏதோ கீறிக்கொண்டே கேட்டார்.

"உனக்கு நிச்சயமோ?"

"ஓம் அப்பா."

"கொம்மாவிட்ட மிச்சம் இருக்கிறது அது ஒண்டுதான் பிள்ளை. அதையும் பறிச்சுப்போடாதை."

"அப்ப அக்காவைப் பறிகுடுக்கிறதோ?"

அப்பா எழுந்து போய்விட்டார். டொக்டரிடம் நானே போய்ச் சொல்லலாம், ஆனால் அது என்னுடைய பட்டியலில் இன்னொரு வருத்தமாகத்தான் சேரும். ஆரம்பத்தில் விபரம் சொன்னது அம்மா. அக்காவோடு வீட்டில் ஒவ்வொரு கணமும் இருந்தது அம்மா. அம்மா சொன்னதை அம்மாதான் மாற்றவேண்டும்.

மறுநாள் நான் வாட்டுக்குப் போனபோது அக்காவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. வலிப்பு வந்திருந்தது. நாக்குக் கடிபட்டு, தலையணையில் இரத்தம். அம்மா திரைக்கு வெளியே செபமாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றா. டொக்டர் வெளியே வந்தார், முகம் மாறியிருந்தது. இந்தமுறை பேனையை மூடவில்லை.

"இந்த வாய் அசைவு எப்ப தொடங்கினது? இஞ்ச வந்தாப் பிறகுதானே?"

"இல்லை டொக்டர்," என்றேன். "வீட்டிலயே. ஒரு குளிசையும் குடுக்க முதல்."

"அப்பிடியெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே."

"அம்மா சொன்னவ. செபம் எண்டு சொன்னவ."

டொக்டர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, யோசிச்சுச் சொல்லுங்கோ. இது முக்கியம். வீட்டில நீங்கள் கண்டது இதே அசைவுதானோ?"

அம்மா திரையை விலக்கி உள்ளே போனா. நாங்களும் போனோம். வலிப்பு நின்று அக்கா தளர்ந்து கிடந்தாள். உதடுகள் மறுபடி தொடங்கியிருந்தன. அம்மா குனிந்து, சுட்டுவிரலை மேலுதட்டிலும் பெருவிரலைக் கீழுதட்டிலும் வைத்தா. கண்ணை மூடிக்கொண்டா. பிறகு சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக, அந்தச் செபத்தைச் சொல்லத் தொடங்கினா. மரியே என்ற இடத்தில் நின்று, விரல்களுக்குக் கீழே காத்திருந்தா. மறுபடி சொன்னா. மறுபடி காத்திருந்தா. அவ காத்திருந்த அந்த நேரத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நான் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தேன்.

கடைசியில் அம்மா கையை எடுத்தா. சேலைத் தலைப்பால் அக்காவின் வாயைத் துடைத்தா. குரல் உடையவில்லை.

"இது செபமில்லை டொக்டர். நான் பிழையாச் சொல்லிப்போட்டன். வீட்டில, கட்டில்ல, இதே ஆட்டம்தான். ஊசி போட முதலே. விரலும் அப்பிடித்தான்."

அதன்பிறகு எல்லாம் ஓட்டம். நரம்பு டொக்டர் வந்தார். தலையில் வயர்கள் ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பார்த்தார்கள். முதுகுத் தண்ணி எடுக்கவேண்டும் என்றார்கள். முதுகுத் தண்ணி எடுத்தால் பிறகு நடக்க ஏலாது என்று கனடாவிலிருந்து சித்தி வீடியோவில் அழுதா. "இப்ப மட்டும் நடக்கிறாளோ?" என்று அப்பா போனை வாங்கிக் கட் பண்ணினார். தண்ணியைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பதில் வரப் பிந்தும், அதுவரை பார்த்துக்கொண்டிருக்க ஏலாது, இப்போதே மருந்தைத் தொடங்குகிறோம் என்றார்கள்.

நரம்பு டொக்டர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார். உடம்பில் கிருமியை எதிர்க்கவென்று ஒரு காவல் இருக்கிறது. அது ஆள் தெரியாமல் சொந்த மூளையையே அடிக்கிறது. அடிபட்ட மூளை வீங்குகிறது. வெளியே பார்த்தால் விசர் மாதிரியே இருக்கும். நான் கேட்காத ஒரேயொரு வருத்தம் அதுதான்.

மருந்து தொடங்கினால் அக்கா எழும்புவாள் என்று நினைத்தேன். தொடக்கங்களில் எனக்கு எப்போதும் நம்பிக்கை. அவள் எழும்பவில்லை. மூச்சு விடவே மறந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் குழாய் போட்டு மெசின் மூச்சுவிட்டது. இரத்தத்தை வெளியே எடுத்து, அந்தக் கெட்ட எதிர்ப்பை வடித்து, திரும்ப ஏற்றினார்கள். ஒருமுறை இல்லை, பலமுறை. ஊரில் பங்குச் சுவாமியார் பூசையில் அவளுடைய பெயரைச் சொல்லிச் செபிக்கக் கேட்டாராம். "சாகிற ஆக்களுக்குச் சொல்லுற குரல்ல சொன்னவர்" என்று பாடகர் குழுப் பிள்ளை ஒன்று எனக்கு வந்து சொன்னது.

கிழமைகள் போயின. மெசினைக் கழற்றி, நரம்பு வாட்டுக்கு மாற்றினார்கள். மூக்கால் விட்ட குழாயில் கஞ்சித் தண்ணி. உதடுகளின் ஆட்டம் மெல்ல மெல்லக் குறைந்து, ஒருநாள் நின்றேவிட்டது. நல்ல அறிகுறி என்றார்கள். ஆனால் நின்ற பிறகு அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. கண் திறந்திருந்தது, பார்க்கவில்லை. அம்மா கட்டிலடியில், ஒடிந்துபோன ஒரு பிளாஸ்டிக் கதிரையில், கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா.

"இனி நான் என்னத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறது?" என்று கேட்டா.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டா. அவவிடமிருந்து அந்த அசைவை எடுத்தவள் நான். பதிலுக்கு ஏதாவது கொடுக்கவேண்டுமே என்று வாயில் வந்ததைச் சொன்னேன்: "கண்ணைப் பாருங்கோ. ஆரும் நடந்தால் பின்னால போகுதோ எண்டு பாருங்கோ. டொக்டர் அதைத்தான் பாக்கிறவர்."

அன்றிலிருந்து அம்மா நடந்தா. கட்டிலின் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். குனிந்து பார்ப்பா, நிமிர்வா, திரும்பி நடப்பா. நேர்ஸ்மார் முதலில் சிரித்தார்கள், பிறகு விலகி வழிவிட்டார்கள். கண்கள் கூரையிலேயே நின்றன. கால் வீங்கியது. "போதும், இருங்கோவன்" என்றால், "நான் இருக்கேக்கை பாத்தாளெண்டால்?" என்பா. ஒரு பின்னேரம் நானே அம்மாவின் தோளைப் பிடித்துக் கதிரையில் அமர்த்தினேன். இவள் இப்படியே இருந்துவிடுவாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்போல இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழமைக்கு முன்புதான் ஒரு பிள்ளை வந்திருந்தது. அதற்குத் துணைக்கு நின்ற மனுசி புங்குடுதீவுப் பக்கம், உரத்த குரல்காரி. வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுப் பாசலை அவ அப்போதுதான் அவிழ்த்தா. கணவாய்க் கறி. அந்த வாசம் மருந்து மணத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. மனுசி பாசலைத் தூக்கிக்கொண்டு, யன்னலடி மேசைக்கு எங்கள் கட்டிலைக் கடந்து போனா.

அக்காவின் கண்கள் அசைந்தன.

அம்மா என் கையைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது.

"கண்டனியோ?"

"ஓம்."

"நான் இவ்வளவு நாள் நடந்தன், என்னைப் பாக்கேல்லை. கணவாயைப் பாக்கிறாள், நாசமாப்போவாள்!" அம்மா சிரிக்கிறாவா அழுகிறாவா என்று தெரியவில்லை. எழுந்தா, தடுமாறினா, கட்டிலைப் பிடித்துக்கொண்டா. "புங்குடுதீவு அக்கா! எணை அக்கா! அந்தப் பாசலை ஒருக்கா இஞ்சால கொண்டுவாங்கோ!"

மனுசி வாயில் வைக்கப்போன சோற்றுப் பிடியோடு திரும்பிப் பார்த்தா. "பிள்ளைக்குக் குழாயெல்லோ போட்டிருக்கு? குடுக்கலாமோ?"

"குடுக்க வேண்டாம். சும்மா தூக்கிக்கொண்டு நடவுங்கோ. மெதுவா. இந்தப் பக்கம் வந்து, பேந்து அந்தப் பக்கம்."

அவ எங்களை ஒரு மாதிரிப் பார்த்தா. பிறகு ஒன்றும் கேட்காமல், பாசலை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, கட்டிலைச் சுற்றி நடக்கத் தொடங்கினா. அம்மா அக்காவின் முகத்துக்குக் கிட்டக் குனிந்து நின்றா. கண்கள் பாசலின் பின்னால், பிந்திப் பிந்தி, நின்று நின்று, போயின.

"நிப்பாட்டாதேங்கோ," என்றா அம்மா. "இன்னுமொருக்கா."